சாட்சி சொல்ல அழைக்கப்படாதவள்

தந்திர மரபை ஆங்கிலம் வழியாக வாசிக்கப் புகும் பலரையும்போல நானும் ஆர்தர் அவலானில்தான் தொடங்கினேன். அது புனைபெயர். அதற்குப் பின்னால் இருந்தவர் கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி ஜான் உட்ராஃப். 1913இல் மகாநிர்வாண தந்திரத்தின் மொழிபெயர்ப்பை வெளியிட்டார். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே செராம்பூர் மிஷனரி வில்லியம் வார்டு, இச்சடங்குகளைச் சொல்லவே நாக்கூசும் என்றபடி எழுதியிருந்தார். உட்ராஃப் மறுத்தார்: இது ஒழுக்கக்கேடல்ல, தத்துவம் என்றார்.

மாணவியாக இருந்தபோது எனக்கு அந்த நீதிபதியைப் பிடித்திருந்தது. இப்போது அவர் தேர்ந்தெடுத்த பிரதியே உறுத்துகிறது. அது மிகப் பிந்தியது, 18ஆம் நூற்றாண்டில் உருவாகியிருக்கலாம் எனக் கருதும் ஆய்வாளர்கள் உண்டு. பஞ்ச மகாரங்களில் ஐந்தாவதான மைதுனத்துக்கு, கலியுகத்தில் சொந்த மனைவி மட்டுமே என்கிறது. குலப்பெண்கள் மதுவை முகர்ந்தால் போதுமாம், குடிக்கக் கூடாது. (உடன்கட்டையை அது தடுக்கிறது, அதை மறைக்க மாட்டேன்.) ஆங்கிலேயக் கனவான் வீட்டு வரவேற்பறையில் அச்சமின்றி வைக்கக்கூடிய தந்திரம் இது.

மிஷனரிக்கு அந்தப் பெண் சீரழிக்கப்பட்டவள். நீதிபதிக்கு அவள் சக்தியின் வடிவம். இருவருமே அவளை முன்வைத்து வழக்காடினார்கள். அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவலான் நூல்களின் சமஸ்கிருதப் புலமை பெரும்பாலும் அடல் பிகாரி கோஷுடையது என்று 2001இல் காத்லீன் டெய்லர் எடுத்துக்காட்டினார். மறைக்கப்பட்ட வங்காள ஆணுக்கு அந்த நியாயமாவது கிடைத்தது.

'தந்திரம் பெண்ணைத் தெய்வமாகக் கொண்டாடியது' என்று நம் பெண்ணியக் கட்டுரைகளும் பெருமையோடு எழுதுகின்றன. நானும் எழுதியிருக்கிறேன். அது உட்ராஃபின் வாதம்தான். நம் குரலில் ஒலிக்கிறது, அவ்வளவே. தெய்வமாக அமர்த்தப்பட்டவளும் பயிற்சி செய்பவளும் ஒன்றல்ல.

பைரவி பிராமணியை நினைத்துக்கொள்கிறேன். 1861இல் படகில் தட்சிணேசுவரம் வந்திறங்கியவள். கையில் புத்தக மூட்டை. ராமகிருஷ்ணருக்குத் தந்திர சாதனைகளைப் படிப்படியாகக் கற்பித்த குரு. சடங்குக்கான துணையாக அல்ல, பிரதியும் பயிற்சியும் கைவந்த ஆசிரியையாக அங்கே நின்றாள். ஆனால் அவளை நாம் அறிவது சீடரின் வாழ்க்கை வரலாறுகள் வழியாக. சீடரிடம் அவள் என்ன கண்டாள் என்பது அவற்றில் பக்கம் பக்கமாக இருக்கிறது. அந்தச் சாதனையில் தனக்கென்று அவள் என்ன கண்டாள் என்பதற்காகத்தான் நான் இன்னும் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.