கடமையும் நன்மையும்: குறள்வழி ஒரு நோக்கு

திருப்பதியில் பள்ளிக்கல்வி பெற்ற டாக்டர் இராதாகிருஷ்ணன் 1936-இல் ஆக்ஸ்போர்டில் பேராசிரியரானார். அந்நாளில் அங்கிருந்த அறிஞர் டபிள்யூ. டி. ராஸ், மிகுதியான நன்மையை விளைவிப்பதே கடமை என்ற மூரின் கருத்தை (1903) 1930-இலேயே மறுத்திருந்தார்.

சித்தூரில் பணிபுரியும் அண்ணன், ஊரிலுள்ள தம்பியின் படிப்புக்குப் பணம் அனுப்புவதாக வாக்களித்தான் எனக் கொள்வோம். அப்பணம் அண்டைவீட்டுச் சிறுவனுக்குச் சற்றே மிகுதியாகப் பயன்படலாம். ஆயினும் கொடுத்த வாக்கைக் காப்பதே கடமை. அதனை உள்ளமே நேரே உணரும் என்பது ராஸின் உள்ளுணர்வுக் கொள்கை.

வள்ளுவர் எப்பக்கம்? பழுதற்ற நன்மை தருமாயின் பொய்யும் மெய்க்கு ஒப்பாகும் என வாய்மை அதிகாரத்தில் அவர் கூறுவதை நோக்க, மூரின் பக்கம் எனத் தோன்றும். அது பொருந்தாது. முந்திய குறளிலேயே, தீங்கு பயவாத சொல்லே வாய்மை என வரையறுத்துவிடுகிறார். ஆகவே அங்கு வெல்வது ஆதாயம் அன்று. தீங்கு செய்யாமை என்னும் பெருங்கடமையே. கடமைகள் மோதுமிடத்து வலியது நிற்கும் என்பதே ராஸின் முடிபும். அடுத்த குறளோ அவரவர் நெஞ்சையே நடுவராக்குகிறது.

அண்டைவீட்டுச் சிறுவன் உயிருக்குப் போராடினால் அண்ணன் தன் வாக்கை ஒத்திவைக்கலாம். சிறிது கூடுதல் பயனுக்காக அதனைக் கைவிடலாகாது. நம் நெஞ்சமும் இவ்வாறே தீர்ப்பளிக்கும் அன்றோ?