கேட்காமல் கேட்டது

தமிழில் 'கேட்பது' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. காதால் கேட்பது ஒன்று. வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பது இன்னொன்று. ரேடியோவைப் பற்றிய வழக்கு முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஜனங்கள் வாய்விட்டுக் கேட்பதை மட்டும் காதில் போட்டால் போதுமா? கேட்காததையும் போடலாமா? போட்டால் கேட்பார்களா?

இதற்குப் பதில் தேடுகிறவர்கள், 1950களில் பிரிட்டனில் பி.பி.ஸி. நடத்திய ஏதாவது ஒரு நாளை எடுத்துப் பார்க்கலாம். நிகழ்ச்சிகளை அச்சிட்ட 'ரேடியோ டைம்ஸ்' அப்போது வாரம் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதன் பக்கங்களைப் படிப்பதில் எனக்கு ஒரு நாவலைப் படிக்கிற சுகம் உண்டு.

1954-ல் ஒரு சாதாரண வார நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பது மணிக்கு மேல் லைட் புரோகிராமில், குடும்பப் பெண்கள் எழுதிக் கேட்ட இசைத்தட்டுகள். ஹோம் ஸர்வீஸில் பத்தேகாலுக்குப் பிரார்த்தனை. பிறகு பள்ளிக்கூடங்களுக்குப் பாடம். பத்தரைக்குத் தொழிற்சாலைகளுக்கான இசை. யுத்த காலத்தில், 1940-ல் ஆரம்பித்தது அது. வேலையின் வேகம் குறையவும் கூடாது, கவனம் கலையவும் கூடாது. ஆகவே ஒரே சீரான தாளம். கைதட்டல் வரும் பாட்டு ஒன்றைத் தள்ளியே வைத்துவிட்டார்கள். தொழிலாளிகள் கையிலிருக்கும் ஸ்பானரால் தாளம் போட்டு இயந்திரத்தைக் கெடுத்துவிடுவார்கள் என்று பயம். பகல் 1.45-க்கு, மடியில் உட்கார்ந்த குழந்தைக்குக் கதை. குழந்தை தூங்கியதும், 2 மணிக்கு, தாய்க்கென்று ஒரு மணி நேரம். பிற்பகலில் டாக்டரின் மனைவி மிஸஸ் டேலின் டயரி. 5 மணிக்குப் பள்ளியிலிருந்து திரும்பிய சிறுவர்களுக்கு. 6.45-க்கு ஆர்ச்சர் குடும்பத்தின் விவசாயக் கதை. 9 மணிக்கு பிக் பென் அடிக்க, செய்தி.

இதில் எனக்குப் பெரிதாகப்படுவது நிகழ்ச்சிகளின் தரம் அல்ல. மிஸஸ் டேலின் டயரியை இலக்கியம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் எந்த நேரத்தில் எவர் கை எந்த வேலையில் இருக்கும் என்று தெரிந்து தைத்த சட்டை அது. மனிதர்களைப் பற்றிய இந்த அறிவைக் கண்டு நாவலாசிரியன் பொறாமைப்படலாம்.

இனிக் குறைக்கு வருகிறேன். பி.பி.ஸி.யின் தலைவராக இருந்த வில்லியம் ஹேலி, சமூகத்தை ஒரு பிரமிடாகக் கண்டார். அடியில் 1945-ல் தொடங்கிய லைட் புரோகிராம், நடுவில் ஹோம் ஸர்வீஸ், உச்சியில் 1946-ல் வந்த தேர்ட் புரோகிராம். நேயர் படிப்படியாக மேலே ஏறுவார் என்பது அவர் நம்பிக்கை. நல்ல நம்பிக்கைதான். ஆனால் மூன்று மாடி கட்டினாரே தவிர, மாடிப்படி கட்ட மறந்துவிட்டார்.

இரண்டு ஊர்களை வைத்துச் சொல்கிறேன். ஒன்று ஆம்பிரிட்ஜ், ஆர்ச்சர் குடும்பத்தின் ஊர். 1951 முதல் நாடு முழுவதும் கேட்டது. 1955 ஸெப்டம்பர் 22-ம் தேதி, வர்த்தக டெலிவிஷன் பிறந்த அன்றே, கதையில் கிரேஸ் ஆர்ச்சரைத் தீ விபத்தில் சாகடித்தார்கள். நாடு உண்மையாகவே அழுதது. மற்றொன்று லாரெகப்; டிலன் தாமஸ் 'அண்டர் மில்க் வுட்'டில் படைத்த வேல்ஸ் கடற்கரை ஊர். அவர் இறந்த இரண்டரை மாதத்தில், 1954 ஜனவரி 25-ம் தேதி, ரிச்சர்ட் பர்ட்டனின் குரலில் ஒலிபரப்பானது. ஓர் இரவில் தொடங்கி மறு இரவில் முடிகிற ஒரே நாள். ரொட்டிக்காரன், தபால்காரன், வீடு பெருக்கும் பெண், கண் தெரியாமல் காலடி ஓசையைக் கொண்டே ஊரை அறிகிற கிழக் கப்பல் தலைவன். ரேடியோ கேட்கிற மனிதனுக்கு அவனைவிட நெருங்கிய பாத்திரம் வேண்டுமா?

ஆம்பிரிட்ஜ் லைட் புரோகிராமில், லாரெகப் தேர்டில். ரொட்டிக்காரனும் தபால்காரனும் கேட்டது முதல் ஊரை. அவர்களைப் பற்றிய காவியத்தை அன்று கேட்டது படித்த சிறு கூட்டம். லாரெகப் அவர்களுக்குப் புரியாது என்று யார் சோதித்துப் பார்த்தார்கள்? இதைத்தான் நான் குறையென்று சொல்கிறேன்.

கலந்து கொடுத்தால் எடுபடும் என்பதற்கு அதே ஸ்தாபனத்திலேயே சாட்சி உண்டு. 1951-ல் தொடங்கிய 'கூன் ஷோ' என்ற பைத்தியக்காரத்தனமான ஹாஸ்யம், பிரார்த்தனையும் பாடமும் செய்தியும் வந்த அதே ஹோம் ஸர்வீஸில்தான் வந்தது. அதில் அறிவிப்பாளராக வந்த வாலஸ் கிரீன்ஸ்லேட், செய்தி படித்த அதே மனிதர். அவருடைய கம்பீரக் குரலை மற்ற வேளைகளில் கேட்டிருந்தவர்களுக்கே கேலி முழுதாக உறைத்தது. கலவை இல்லாவிட்டால் அந்தக் கலையே இல்லை.

வற்புறுத்தலை நான் ஆதரிக்கவில்லை. 1930களில் ஜான் ரீத், ஞாயிற்றுக்கிழமையை மதத்துக்கும் கனமான விஷயங்களுக்கும் ஒதுக்கினார். ஜனங்கள் குமிழைத் திருகி லக்ஸம்பர்க் நிலையத்துக்குப் போய்விட்டார்கள். பலவந்தமாக ஊட்டினால் துப்பத்தான் செய்வார்கள். ஆனால் பந்தியில் கறிக்குப் பக்கத்தில் ஒரு பச்சடியை வைப்பது பலவந்தம் ஆகாது.

பின்னால் நடந்தது என்ன? 1957-ல் தேர்ட் புரோகிராமின் நேரத்தை வாரத்துக்கு 40 மணியிலிருந்து 24 ஆக வெட்டினார்கள். டி.எஸ். எலியட் போன்றவர்கள் கண்டித்தார்கள், பயனில்லை. உச்சியில் தனியாக இருப்பதை வெட்டுவது சுலபம். கீழே அதற்காக வருந்த ஆள் இல்லை. 1967-ல் நிலையங்களுக்கு எண்கள் வந்தன. 1970-ல் இசை ஓரிடம், பேச்சு ஓரிடம் என்று பிரிந்தன. இன்று அவரவர் கேட்பதை அவரவருக்கே எடுத்துக் கொடுக்கும் யந்திரங்கள் இருக்கின்றன. கேட்டது கிடைக்கிறது, கேட்டதுதான் கிடைக்கிறது.

ஒரு மனிதனின் ரஸனையை மதிப்பது என்றால் அவன் கேட்டதைக் கொடுப்பது மட்டும் அல்ல. அவன் இன்னும் கேட்கத் தெரியாத ஒன்றும் அவனுக்குப் பிடிக்கக்கூடும் என்று நம்புவதும் ஆகும். பிரிட்டனின் அந்த நாள் இந்த நம்பிக்கையைப் பாதிதான் வைத்திருந்தது. பாதியே அவ்வளவு செய்தது என்பதை மறக்கக்கூடாது.