ஒரு காலைப்பொழுதின் மலை: கீழக்குயில்குடி குறும்பயண எழுத்தில் ஊரின் இடம்

ஆய்வுச்சுருக்கம்

மதுரைச் சமணர்மலையைப் பற்றிய குறும்பயணக் கட்டுரைகள் மலையைப் பாண்டியர் காலத்திலேயே நிறுத்திவிட்டு, அடிவாரத்துக் கீழக்குயில்குடியை வரலாறற்ற பின்புலமாக்குகின்றன. இப்பிரிப்பு எங்ஙனம் நிகழ்கிறது, அதனால் இழப்பது எது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: குறும்பயண எழுத்து, சமணர்மலை, செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம், ரேகைச் சட்டம், காவல் கோட்டம்

முன்னுரை

தமிழில் மலைப்பயண எழுத்துக்குப் பழகிப்போன ஓர் அமைப்பு உண்டு. முதலில் வழி, பிறகு இயற்கை, இறுதியில் மக்கள். உதகைக்குச் சென்று வந்தவர் சோலைக்காட்டையும் பனிமூட்டத்தையும் பல பத்திகளில் விரித்தபின் தோடர் மந்துக்கு ஒரு பத்தி ஒதுக்குவார். வளைந்த கூரையும் பூவேலைச் சால்வையும் அதில் தவறாமல் இடம்பெறும். தோடர் ஒருவர் பேசிய சொல் அதில் இராது. மலை இயற்கையின் பட்டியலிலும் மக்கள் பண்பாட்டின் பட்டியலிலும் சேர்க்கப்பட, இரண்டுக்கும் இடையிலான உறவு எழுதப்படாமலே போகிறது.

இக்குறையை உயர்மலைகளில் காண்பது எளிது. மதுரைக்கு மேற்கே சமவெளியில் எழுந்து நிற்கும் குறைந்த உயரமுள்ள பாறைக்குன்றில் அது வேறு உருக்கொள்கிறது. சமணர்மலைக்குச் செல்பவர் நகரத்திலிருந்து விடியலில் புறப்பட்டு, மதிய வெயிலுக்கு முன் வீடு திரும்பிவிடலாம். அங்கே பார்க்கவேண்டியவை பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றுக்கு அறிஞர்கள் எழுதிய விளக்கமும் உண்டு. ஆதலால் எழுதுபவர் எதையும் விட்டுவிட்டதாக உணர்வதில்லை.

குறும்பயணத்தின் ஈட்டம்

இவ்வகை எழுத்தின் பயனைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையாகாது. மதுரைக் குன்றுகளைப் பற்றிய அறிவு நெடுங்காலம் கல்வெட்டு ஆண்டறிக்கைகளுக்குள்ளேயே அடங்கியிருந்தது. வெ. வேதாசலத்தின் ‘எண்பெருங்குன்றம்’ அதனைத் தமிழ் வாசகருக்குக் கொண்டுவந்தது. யானைமலையில் சிற்ப நகரம் அமைக்கும் திட்டம் எழுந்த 2010ஆம் ஆண்டில் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னின்று தொடங்கிய ‘பசுமை நடை’ அந்த அறிவுக்குக் கால்கள் தந்தது எனலாம். சொ. சாந்தலிங்கம் போன்ற தொல்லியல் அறிஞர்கள் பாறையின் முன் நின்று விளக்க, குடும்பம் குடும்பமாக மக்கள் கேட்டனர். ஆலமரத்தடியில் உட்கார்ந்து உண்டு கலையும் அந்தக் காலைப்பொழுது வகுப்பறைக்கு வராதவரையும் வரலாற்றுக்கு அழைத்துவந்தது.

ஆயினும் அந்தக் காலைப்பொழுதுதான் எழுத்தின் எல்லையையும் வகுக்கிறது. கல்வெட்டை அறிந்த ஒருவர் உடனிருந்தால் அரைமணி நேரத்தில் அது பொருள்பட்டுவிடும். ஊர் அவ்வளவு விரைவில் பொருள்படுவதில்லை. எனவே கட்டுரையில் தாமரைக்குளமும் அய்யனார் கோயிலும் ஆலமரமும் ஏறுமுன் காணும் காட்சிகளாகவும், சிற்பங்கள் மட்டுமே வரலாறாகவும் அமைந்துவிடுகின்றன.

பெயரில் தங்கிய நினைவு

மலையின் தென்மேற்குப் பகுதியிலுள்ள குகைத்தளத்திற்குச் செட்டிப்புடவு என்பது ஊர்வழக்கு. புடவு என்பது குகை. அங்கே பெரிய அளவில் அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரரின் நீண்ட காதுகளைக் கண்ட மக்கள் அவரைச் செட்டியார் எனக் கொண்டனர் என்பர். மலைமேல் தீர்த்தங்கரர் உருவங்களும் பாகுபலியும் வரிசையாக உள்ள சுனைப்பகுதி பேச்சியின் பெயரால் பேச்சிப்பள்ளம் ஆயிற்று. பயணக் கட்டுரைகள் இப்பெயர்களை ஒரு புன்னகையோடு குறிப்பிட்டு, மக்கள் அறியாமல் இட்ட பெயர் எனத் திருத்திவிட்டு நகர்கின்றன.

இந்தத் திருத்தம் மறுபரிசீலனைக்கு உரியது. இம்மலையில் வழிபட்ட சமணர் மறைந்த பின் பல நூற்றாண்டுகளுக்கு இவ்வுருவங்களை அறிந்திருந்தவர்கள் இவ்வூரார் மட்டுமே. அவர்கள் அவற்றைத் தம் உறவுமுறைக்குள்ளும் தெய்வ வரிசைக்குள்ளும் ஏற்றுக்கொண்டனர். திருவிளையாடற் புராண மரபோ மதுரையைச் சூழ்ந்த யானைமலை, நாகமலை, பசுமலை ஆகியவற்றைச் சமணர் ஏவி, இறைவனால் வீழ்த்தப்பட்ட விலங்குகளாகச் சொல்கிறது. அந்தப் பகைக் கதையின் அருகில் வைத்துப் பார்த்தால் செட்டியார், பேச்சி என்னும் பெயர்களின் இணக்கம் விளங்கும். புலவர் மரபு சமணத்தை எதிரியாக நினைவில் வைத்தது. ஊர்மரபு பெயரை மாற்றி உடன் வைத்துக்கொண்டது. இதனை அறியாமை என்னும் ஒரு சொல்லில் முடிப்பது விமரிசனச் சோம்பல்.

கல்வெட்டுகளும் ஒற்றைக் குரலில் பேசவில்லை. 9, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வட்டெழுத்துப் பொறிப்புகள் வெண்புநாட்டுக் குறண்டித் திருக்காட்டாம்பள்ளியின் மாணாக்கரை நினைவுகூர்கின்றன. மலைமேல் மாதேவிப் பெரும்பள்ளி இருந்த தடயம் உண்டு. உச்சியில் கன்னட எழுத்தும் உண்டு. பேச்சிப்பள்ளத்தில் ஒரு திருமேனியைச் செய்வித்தவர் அச்சணந்தியின் தாயார் குணமதியார். துறவியின் பெயருடன் தாயின் பெயரும் பாறையில் நிற்பது, இம்மலை உலகைத் துறந்தோர்க்கு மட்டுமே உரியதாய் இருக்கவில்லை என்பதற்குப் போதிய சான்று. வெளியூரிலிருந்து வந்தோரும் உறவினருமாகச் சேர்ந்து உருவாக்கிய இடத்தைப் ‘பேரமைதியின் உறைவிடம்’ என எழுதுவது கல்வெட்டை வாசித்த பின்னும் வாசியாமல் விடுவதே.

மைப்படியும் கைரேகையும்

கீழக்குயில்குடியின் அண்மைக் கால வரலாறு இந்த எழுத்துகளில் ஏறத்தாழ இல்லை. இவ்வூர்ப் பிறமலைக் கள்ளர் மதுரை நகரின் காவல் முறையோடு நெடுங்காலம் தொடர்புடையவர்கள். காவலைத் தன் காவல்துறையின் கையில் மட்டும் வைக்க விரும்பிய ஆங்கில ஆட்சிக்கு ஊர்க்காவல் குற்றமாகத் தெரிந்தது. 1911ஆம் ஆண்டுக் குற்றப் பழங்குடியினர் சட்டம் 1914இல் இவ்வூர்க் கள்ளர்மீது ஏவப்பட்டது. பின்னர் பிறமலைக் கள்ளர் முழுமைக்கும் விரிந்தது. பெயரைப் பதிந்து, விரல்களில் மை தடவி, இரவில் சொந்த வீட்டில் உறங்கும் உரிமையையும் பறித்த அச்சட்டத்தை மக்கள் ரேகைச் சட்டம் என்றனர். அதனை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச்சூடு நடந்தது. மாயக்காள் என்னும் பெண் உள்ளிட்ட 16 பேர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் சட்டம் நீங்கியது 1947இல்தான்.

1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரசின் கல்வெட்டுத்துறையினர் இம்மலைப் பாறைகளிலிருந்து மைப்படி எடுத்துச் சென்றனர். சில ஆண்டுகளுக்குள் அதே அரசின் இன்னொரு துறை அடிவாரத்து மக்களின் விரல்களிலிருந்து கைரேகை எடுத்தது. பாறை காக்கப்பட வேண்டிய பழமை ஆயிற்று. மனிதர் கண்காணிக்கப்பட வேண்டிய கூட்டம் ஆயினர். மலையை வியந்து ஊரைக் கடந்து செல்லும் இன்றைய பயணக் கட்டுரை, எவ்வித உள்நோக்கமும் இன்றியே, அந்தப் பிரிவினையைத் தொடர்கிறது.

அவ்வாறாயின் ஊரைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தால் போதுமா என்னும் வினா எழும். எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய நூலின் நிழல் இங்கே நீண்டது. வீரம், வளரி, மீசை என வரிசைப்படுத்தும் வியப்பும் அட்டவணைப் பார்வையே. தோடருக்கு ஒதுக்கிய பத்தி இடம் மாறி வந்துவிடும், அவ்வளவே.

புனைகதை இவ்விடரை வேறு வகையில் எதிர்கொண்டது. சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ (2008) அமணமலை அடிவாரத்துத் தாதனூரை மையமாக்கி, 2011ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதில் மலை காட்சிப்பொருளாக ஒதுங்கி நிற்பதில்லை; ஊர் வாழ்வின் பகுதியாகவே அமைகிறது. களவையும் காவலையும் ஒரே சமூக நியாயத்தின் இரு முகங்களாகக் காட்டும் அந்நாவலிலும் வியப்பு மேலோங்கும் இடங்கள் உள. எனினும் ஊருக்குக் காலம் உண்டு என்பதை அது மறக்கவில்லை. ஆயிரம் பக்கம் எழுதும் நாவலாசிரியருக்குள்ள வாய்ப்பு நான்கு பக்கக் கட்டுரையாளருக்கு இல்லைதான். ஆனால் 1914 என்னும் ஆண்டைக் குறிப்பிட ஒரு வரி போதும்; செட்டிப்புடவு என்ற பெயரை ஊரார் எவ்வாறு சொல்கின்றனர் எனக் கேட்க அய்யனார் கோயில் வாசலில் கால்மணி நேரம் போதும்.

அரிட்டாபட்டி தரும் ஒப்பீடு

மேலூர்ப் பகுதியிலுள்ள அரிட்டாபட்டி இதனோடு ஒப்பிடத்தக்கது. 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட பகுதி அது. 2024இல் அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் பற்றிய செய்தி வெளியானபோது தெருவில் இறங்கியவர்கள் அவ்வட்டாரக் கிராமத்தார். தமிழி எழுத்தும் சமணப் படுக்கையும் குடைவரைக் கோயிலும் பறவைகளும் அவர்களுடைய வாதத்தில் இடம்பெற்றன. அவற்றைப் பொதுப்பேச்சாக்கியதில் பயண எழுத்துக்கும் பங்குண்டு. ஆனால் அவற்றுக்கு இணையாக அவர்கள் முன்வைத்தவை தங்கள் கண்மாய், வயல், குலதெய்வக் கோயில். மலையும் ஊரும் ஒரே மூச்சில் பேசப்பட்டன. 2025 சனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தைக் கைவிட்டது.

கல் உடைப்பு மதுரைக் குன்றுகள் பலவற்றுக்கும் அறிமுகமான அச்சுறுத்தல். சமணர்மலைக்கு அது வருமானால் விடியலில் வந்து வெயிலேறுமுன் திரும்பியவர்கள் அங்கே இருக்கப்போவதில்லை. அங்கே இருப்பவர்கள், அவர்களுடைய கட்டுரைகளில் வழிகாட்டியாகவோ ஆட்டுமந்தைக்குப் பின்னால் தெரியும் உருவமாகவோ பெயரின்றி வந்துபோன கீழக்குயில்குடியாரே.