கல் பங்களா: யாருக்கு முதல் வீடு?

ஊட்டி போனால் பூங்காவோடு திரும்பிடாதீங்க; அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிற கல் பங்களாவையும் பாருங்க. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-இல் கட்டத் தொடங்கியது. இதை 'ஊட்டியின் முதல் வீடு' என்று எழுதுகிறவர்களோடுதான் எனக்குச் சண்டை. உதகமண்டு என்ற பெயரிலேயே தோடர் குடியிருப்பான மந்து ஒளிந்திருக்கே, அது வீடில்லையா? மூங்கிலையும் பிரம்பையும் வளைத்து, புல் வேய்ந்து, குனிந்து, கிட்டத்தட்டத் தவழ்ந்து நுழையும் சின்ன வாசல் வைத்த அரைப்பீப்பாய்க் கூரை. மலைக்குளிரைப் புரிந்துகொண்டு கட்டியது அதுதான் என்பேன். கல் பங்களா கனமான சுவரை மட்டுமே நம்புகிறது.

வேடிக்கை என்னன்னா, இந்த மலை நிலம் தோடருக்கே உரியது என்று மெட்ராஸ் அரசோடு மல்லுக்கு நின்றவரும் இதே சல்லிவன்தான். 'முதல் வீடு' கட்டுரைகளில் அந்த வழக்கைத் தேடிப் பாருங்க.