புள்ளிப் பட்டியலை ரசிப்பது எப்படி?

நம் ஊரான கங்கைகொண்டான் பக்கம் கோயில் கொடைக்கு நடக்கும் கபடி ஒரே ராத்திரியில் முடிந்துவிடும். தோற்ற அணி வேன் ஏறிவிடும். விடிவதற்குள் கோப்பை யாருக்கு என்று தெரிந்துவிடும். அப்படிப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கால்பந்து லீக் முதலில் சப்பென்றுதான் இருக்கும். மாதக்கணக்கில் ஓடும். இன்றைக்குத் தோற்றவன் அடுத்த வாரமும் வந்து நிற்பான். பல நாடுகளின் லீக்குகளில் இறுதிப் போட்டி என்ற ஒன்றே கிடையாது.

ரசிக்கப் பழக நம் மாநிலத்திலேயே அருமையான பாடம் ஒன்று இருக்கிறது: சென்னை சிட்டி எஃப்சி பட்டம் வென்ற 2018-19 ஐ-லீக் கால்பந்து. பேரில்தான் சென்னை, சொந்த மைதானம் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். நமக்கு அதில் வருத்தமில்லை, நாகர்கோவில்–கோவை ரயில் நம் ஊர் வழியாகத்தானே போகிறது! மொத்தம் 11 அணிகள். சொந்த ஊரில் ஒரு முறை, எதிராளி ஊரில் ஒரு முறை என்று ஆளுக்கு 20 ஆட்டம். ஜெயித்தால் 3 புள்ளி, டிரா செய்தால் 1.

கடைசிக் கணக்கைப் பாருங்கள். சென்னை சிட்டி 43, கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் 42. இரண்டுமே 13 ஆட்டம் ஜெயித்தவை. சென்னை சிட்டிக்கு 4 டிரா, 3 தோல்வி. ஈஸ்ட் பெங்காலுக்கு 3 டிரா, 4 தோல்வி. தோற்றிருக்க வேண்டிய ஏதோ ஒரு ஆட்டத்தைச் சமன் செய்து தப்பித்ததுதான் பட்டம். ஆகவே, 80-வது நிமிடத்தில் ஒரு கோல் பின்தங்கிய அணி என்ன செய்கிறது என்று பாருங்கள். ‘டிராதானே’ என்று டிவியை அணைக்கிறவருக்கு லீக்கில் பாதி ருசி போய்விடும்.

அடுத்தது நேருக்கு நேர் மோதல். ஈஸ்ட் பெங்காலின் நான்கு தோல்விகளில் இரண்டு சென்னை சிட்டியிடம்: கொல்கத்தாவிலும் கோவையிலும். முன்னணியில் இருக்கும் இரண்டு அணிகள் மோதும்போது ஜெயிக்கிறவருக்கு வருகிற மூன்று புள்ளி எதிராளிக்கு மறுக்கப்படுகிற மூன்று புள்ளியும்கூட. அட்டவணை வந்ததும் இந்த ஆட்டங்களைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்டுக்குப் போகிறவரால் எல்லா ஆட்டத்தையும் பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். மற்ற நாட்களில் பட்டியலை ஐந்து நிமிடம் புரட்டினால் போதும்.

கோல் அடிக்கிறவர்மேல் கண் போவது இயல்பு. சென்னை சிட்டியின் பெட்ரோ மான்சி அந்த சீசனில் 21 கோல் அடித்தார். சிங்கப்பூர்க்காரரான பயிற்சியாளர் அக்பர் நவாஸ், நெஸ்தர் கோர்தில்யோ போன்ற ஸ்பானியர்களோடு எட்வின் சிட்னி வன்ஸ்பால் போன்ற நம் பையன்களையும் சேர்த்து ஆடவைத்தார். என்னைக் கேட்டால், பந்து மான்சியின் காலுக்கு வருவதற்கு முந்தைய மூன்று பாஸ்களைப் பார்ப்பதுதான் சுவை.

கடைசி நாளில் ஒரு மைதானத்தை மட்டும் பார்க்காதீர்கள். 2019 மார்ச் 9 அன்று, ஒரு புள்ளி முன்னிலையோடு கோவையில் இறங்கிய சென்னை சிட்டி, முந்தைய சீசன் சாம்பியன் மினர்வா பஞ்சாபிடம் ஆரம்பத்திலேயே கோல் வாங்கியது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலம் கேரளாவோடு ஆடியது. அதுவும் முதலில் பின்தங்கியது. கோவையில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார், இரண்டாவது கோல் ஆட்ட முடிவில் சேர்க்கப்பட்ட நிமிடங்களில். 3-1. அங்கே ஈஸ்ட் பெங்காலும் மீண்டு வந்து 2-1 என்று ஜெயித்தது. கோவை ஆட்டம் டிரா ஆகியிருந்தால் பட்டம் கொல்கத்தாவுக்குப் போயிருக்கும்.

ஐ-லீக் போல் அல்லாமல், இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐஎஸ்எல்) 2019-20 முதல் 2024-25 வரை பட்டியலில் முதலிடம் வந்தவருக்கு ஷீல்டு, பிளே-ஆஃப் வென்றவருக்குக் கோப்பை. அதில் ஆடும் இன்னொரு சென்னை அணியான சென்னையின் எஃப்சி 2015-லும் 2017-18-லும் கோப்பை வென்றபோது பட்டியலில் முதலிடத்தில் இல்லை. கோப்பைக்கு ஆரவாரம் அதிகம்தான். நான் ஷீல்டு கட்சி.