புனைகதையில் கூற்றெல்லையும் பத்தியமைப்பும்: கன்னட – தமிழ் மொழிபெயர்ப்பை முன்வைத்துச் சில கருத்துகள்

1. புனைகதை மொழிபெயர்ப்பை மதிப்பிடும் கட்டுரைகள் பெரும்பாலும் சொல்தேர்வு, மரபுத்தொடர், வட்டார வழக்கு ஆகியவற்றையே அளவுகோலாகக் கொள்கின்றன. உரையாடலுக்கு மேற்கோள்குறி இடுதல், பத்தி பிரித்தல், பத்திகளுக்கிடையே வெற்றுவரி விடுதல் ஆகியவை அச்சகத்தின் வேலையாக ஒதுக்கப்படுகின்றன. இவை தொடரியலோடு பிணைந்தவை; ஆகவே மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பில் அடங்குபவை என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது. கன்னடப் புதினங்களைத் தமிழாக்கும் பாவண்ணன், கே. நல்லதம்பி முதலியோர் பெங்களூரில் இருந்தே இயங்குவதால், சான்றுகள் பெரிதும் அம்மொழியிணையைச் சார்ந்து அமைகின்றன.

2. ஓலைச்சுவடியில் இன்று நாம் அறியும் சொல்லிடைவெளியோ பத்தியோ இல்லை. அச்சு பரவிய 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய முறையைத் தழுவி நிறுத்தக்குறிகள் தமிழ் உரைநடையில் வேரூன்றின. ஆறுமுக நாவலருக்கு (1822–1879) இதில் பெரும்பங்கு உண்டு. குறிகள் வந்தன, ஆயின் அவை பிறந்த மொழிகளின் தொடரமைப்பு உடன் வரவில்லை. ஆங்கிலத்தில் நேர்கூற்றின் முடிவைக் காட்டத் தனிச்சொல் இல்லை. எனவே திறக்கும் குறியும் மூடும் குறியும் அங்கு ஒத்த சுமையைத் தாங்குகின்றன. தமிழில் 'என்று' என்பதும் கன்னடத்தில் 'எந்து' என்பதும் கூற்றின் இறுதியைத் தாமே உணர்த்திவிடுகின்றன. தொடக்கத்தை உணர்த்தும் சொல்தான் இம்மொழிகளில் இல்லை. பின்வரும் தொடரை நோக்குக.

(1) முருகன் தம்பி ஊருக்குப் போய்விட்டான் என்று சொன்னான்.

தம்பி போன செய்தியை முருகன் சொன்னான் என்பது ஒரு பொருள். முருகனுடைய தம்பி போய்விட்டதை வேறொருவன் சொன்னான் என்பது மற்றொரு பொருள். எழுவாய் தோன்றாமல் நிற்க இடமுள்ள மொழியாதலின் இரண்டும் இலக்கணத்திற்கு ஒத்தவையே. பேச்சில் ஒலியிறக்கம் காட்டும் வேறுபாட்டை எழுத்தில் திறக்கும் குறியே காட்டுகிறது. மூடும் குறியை நீக்கினால் பொருள் கெடுவதில்லை.

3. நேர்கூற்று, அயற்கூற்று வேறுபாட்டிலும் இதே நிலை உள்ளது.

(2) நான் தவறு செய்துவிட்டேன் என்று அவர் சொன்னார்.

குறியிட்டால் தவறு 'அவர்' செய்தது. குறியில்லையெனில் அது கதைசொல்லி செய்ததாகவும் இருக்கலாம். இதற்கு நேரான 'நானு தப்பு மாடிதெ எந்து அவரு ஹேளிதரு' என்னும் கன்னடத் தொடரும் இவ்வாறே இருபொருள் தருவது. ஆங்கிலத்தில் பெயர்ப்பவர் தன்மையா படர்க்கையா என ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். தமிழில் பெயர்ப்பவருக்கு அக்கட்டாயம் இல்லை; மூலத்தின் ஐயத்தை ஐயமாகவே வைக்கலாம். மூலத்தில் இல்லாத குறியைப் பதிப்பாசிரியர் 'ஒழுங்குக்காக' இடும்போது ஒரு விளக்கவுரை பனுவலுக்குள் புகுந்துவிடுகிறது. விவேக் ஷான்பாகின் 'காச்சர் கோச்சர்' (2013) போன்று, தன் குடும்பத்தைப் பற்றித் தன்மையில் பேசும் ஒருவன் சொல்லும் புதினத்தில், குற்றம் யாருடையது என்பதே கதையின் உயிர்நிலை. அங்கு ஒரு மேற்கோள்குறி அவ்வினாவிற்கு விடையாகிவிடக் கூடும்.

4. கூற்றின் தொடக்கத்தைக் காட்டும் மற்றொரு கருவி இரட்டைவழக்கு. எடுத்துரைப்பு எழுத்து வழக்கிலும் உரையாடல் பேச்சு வழக்கிலும் அமையும் புனைகதையில், வழக்கு மாறும் இடமே கூற்றின் வாயில். வினைமுற்றின் பாலும் மரியாதை விகுதியும், 'அக்கா', 'மாமா' போன்ற விளிகளும் பேசுபவரை அடையாளம் காட்டுவதால் 'என்றான்', 'என்றாள்' என்பனவற்றைக் குறைக்கவும் இயலும். ஆயின் கன்னடப் பேச்சைத் தமிழின் எந்த வட்டாரத்தில் நிறுத்துவது என்னும் சிக்கலுக்கு அஞ்சி, உரையாடலையும் பொதுநடையில் அமைக்கும் மொழிபெயர்ப்புகளில் இவ்வாயில் மறைந்துவிடுகிறது. அத்தகைய பனுவலில் குறியும், ஆள்தோறும் பத்தி பிரித்தலும் இன்றியமையாதவை. பேச்சு வழக்கை ஏற்ற பனுவலில் அவற்றைத் தளர்த்தலாம். ஆக, வழக்குத் தேர்வும் குறித் தேர்வும் ஒரே முடிவின் இரு பக்கங்கள் எனலாம்.

பிறமொழி எழுத்தாளர் சிலர் குறியை வேண்டுமென்றே துறந்துள்ளனர். ஜேம்ஸ் ஜாய்ஸ் மேற்கோள்குறிக்கு மாற்றாகக் கோட்டைக் கையாண்டார். போர்த்துகீசிய எழுத்தாளர் ஜோசே சரமாகோ காற்புள்ளியிட்டு, அடுத்த சொல்லைப் பேரெழுத்தில் தொடங்கிப் பேச்சாள் மாற்றத்தைக் காட்டினார். தமிழிலோ கன்னடத்திலோ பேரெழுத்து இல்லை. அவர் முறையை அப்படியே படியெடுத்தால் காற்புள்ளி மட்டும் எஞ்சும். பேச்சாள் மாறியது தெரியாது. மொழிபெயர்ப்பாளர் இங்கு விளிகளையும் வினைமுற்றுகளையும் கொண்டு ஈடுசெய்தல் வேண்டும்.

5. பத்தியிடைவெளி குறித்தும் ஒன்று கூற வேண்டும். அச்சுநூலில் புதுப்பத்தி, முதல்வரியின் உள்தள்ளலால் அறியப்படுவது. வெற்றுவரி காலமோ களமோ மாறுவதைக் காட்டுவது. எஸ். எல். பைரப்பாவின் 'பர்வ' (1979) பாரத மாந்தரின் நினைவோட்டங்களாக விரியும் புதினம். பாவண்ணன் அதனைப் 'பருவம்' எனத் தமிழாக்கிச் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றார். நிகழ்காலமும் நினைவும் மாறிமாறி வரும் இத்தகைய படைப்பில் வெற்றுவரி ஏறத்தாழ ஒரு காலஇடைச்சொல்லின் பணியைச் செய்கிறது. கணினியில் தட்டச்சு செய்வோர் ஒவ்வொரு பத்திக்குப் பின்னும் ஒரு வரியை வெறுமையாக விடும் பழக்கம் பரவியபின் இவ்வேறுபாடு மங்கியது. எல்லா இடத்திலும் உள்ள இடைவெளி எதையும் உணர்த்தாது. பக்க வடிவமைப்பாளர் அவ்வரிகளை ஒருசேர நீக்கும்போது உண்மையான களமாற்றங்களும் உடன் மறைகின்றன. பக்கத்தின் அடியில் விழும் வெற்றுவரியும் கண்ணுக்குத் தப்பிவிடும்.

6. இவற்றால் பெறப்படுவன மூன்று. கைப்படியில் களமாற்றத்தை வெற்றுவரியால் மட்டுமன்றி உடுக்குறியாலும் காட்டுதல் நன்று. மேற்கோள்குறியைக் கையாளும் நெறியை மொழிபெயர்ப்பாளரே வகுத்துக் கைப்படியுடன் எழுதித் தருதல் வேண்டும். மெய்ப்புத் திருத்துவோர் அந்நெறிக்கு மாறான திருத்தங்களை மூலத்தோடு ஒப்பிட்ட பின்னரே செய்தல் வேண்டும். மொழிபெயர்ப்புத் திறனாய்வும் சொல்லோடு நின்றுவிடாமல், கூற்று எங்கே தொடங்குகிறது, பத்தி எங்கே முடிகிறது என்பவற்றையும் மூலத்தோடு வைத்து நோக்குதல் தகும்.