மய்யழியின் கணக்கு

பல ஜாதி ஜனங்கள் கூடி வாழும் ஒரு சிற்றூரைப் பற்றி நாவல் எழுதுவது சுலபம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஒரு கோயில், ஒரு மசூதி, ஒரு மாதாகோயில், நடுவே ஓர் ஆறு. ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஒரு பாத்திரத்தை எடுத்து நிறுத்திவிட்டால் கதை தானாக நடந்துவிடும் என்பது அவர்கள் எண்ணம். அப்படி எழுதுவது பெரும்பாலும் பொருட்காட்சியாகவே முடிகிறது. ஊர் என்பது அதில் வாழும் மனிதர்களின் ஜாபிதா அல்ல. ஒருவருக்கு வந்த நன்மை இன்னொருவருக்கு எப்படி நஷ்டமாயிற்று என்கிற கணக்குத்தான் ஊர். அந்தக் கணக்கை நேர்மையாகப் போட்ட நாவல் என்று எம். முகுந்தன் மலையாளத்தில் எழுதிய 'மய்யழிப்புழையுடெ தீரங்களில்' (1974) என்ற நூலைச் சொல்வேன்.

மய்யழி என்பது மாஹேக்கு உள்ளூர்க்காரர்கள் சொல்லும் பெயர். 1721இல் பிரெஞ்சுக்காரர் காலூன்றிய இடம் அது. 1954 ஜூலை 16 அன்று அவர்கள் ஊரை விட்டுப் போனார்கள். மொத்தமே 9 சதுர கிலோமீட்டர். ஆற்றுக்குத் தெற்கே பட்டணம்; வடக்கே பள்ளூர், பந்தக்கல் முதலிய கிராமங்கள். சுற்றிலும் இங்கிலீஷ்காரன் சீமை. இந்தச் சின்ன இடத்தில் வெள்ளைக்காரர், கலப்பு வம்சத்தினர், மலையாளிகளில் இந்துக்கள், முஸ்லிம்கள் எல்லாரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லித் தெரிந்துகொண்டு வாழ்ந்தார்கள். முகுந்தன் அங்கேயே பிறந்தவர்; பிறகு தில்லியில் பிரெஞ்சுத் தூதரகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவர்.

நாவலில் குறும்பியம்மா என்று ஒரு கிழவி. லெஸ்லி சாயிபு குதிரை வண்டியை நிறுத்தி அவளிடம் மூக்குப்பொடி கேட்டு வாங்கிப் போடுகிறார். அவளுக்கு அதில் பெருமை. வெள்ளைக்காரர்கள் மேல் அவளுக்கு உண்மையான பிரியம். அவள் பேரன் தாசன் புதுச்சேரியில் படித்துத் தேறியவன். சர்க்கார் உத்தியோகமும் பாரிஸ் படிப்பும் தேடி வந்தும் வேண்டாம் என்று உதறிவிட்டு விடுதலைப் போராட்டத்தில் இறங்குகிறான். ஒரே வீட்டுக்குள் இரண்டு நியாயங்கள். ஆசிரியர் கிழவியை அசடாக்கவில்லை, துரோகியாக்கவில்லை. பேரனை மேடைப் பேச்சாளனாக்கவும் இல்லை. வெள்ளைக்காரர்கள் புறப்படும்போது, அவர்கள் போகவேண்டும் என்று விரும்பிய வாசகனும் கிழவிக்காக மனம் வருந்துகிறான்.

அடிமைக் காலத்தை எண்ணி ஏங்குகிற நாவல் இது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. யார் எதை இழந்து பெற்றார்கள் என்று பார்க்காமல் விடுதலையைக் கொண்டாடுவது திருவிழாவுக்குச் சரி, இலக்கியத்துக்குப் போதாது.

குறையும் உண்டு. விடுதலைக்குப் பிறகு தாசனுக்கு ஊரில் வேலை இல்லை, இடமும் இல்லை. போராடியவன் அதற்குப் பிறகு என்ன செய்வது என்பது கடினமான கேள்வி. முகுந்தன் அவனைக் கடலில் தெரியும் வெள்ளியாங்கல்லுக்கு அனுப்பித் தும்பியாக்கிவிடுகிறார். அழகான முடிவுதான். ஆனால் அந்த அழகு கேள்வியை மூடிவிடுகிறது. பதினைந்து வருஷம் கழித்து 1989இல் எழுதிய 'தெய்வத்தின்டெ விக்ருதிகள்' நாவலில் அவர் அதே இடத்துக்குத் திரும்பினார். கப்பல் ஏறாமல் ஊரிலேயே தங்கிவிட்ட வித்தைக்காரர் அல்போன்ஸும் அவர் குடும்பத்தின் வறுமையும் அதில் வருகின்றன. 1992இல் லெனின் ராஜேந்திரன் அதைப் படமாக்கியபோது அல்போன்ஸாக நடித்தவர் நம் ரகுவரன். முதல் நாவல்தான் சிறந்தது. ஆனால் விடுபட்ட பதிலில் பாதி இரண்டாவதில் இருக்கிறது.

இன்னொரு குறை. கதையின் கனம் முழுவதும் பட்டணத்துத் தெருக்களிலேயே இருக்கிறது. அக்கரைக் கிராமத்தில் உழுதவன் வீட்டில் பிரெஞ்சுக் கொடி இறங்கியதால் என்ன மாறியது என்பது அதே அளவுக்கு நம் மனசில் பதிவதில்லை.

இதையெல்லாம் நான் சொல்வது மலையாளத்தாரைத் திருத்துவதற்காக அல்ல. எங்கள் ராஜகுளத்துப் பக்கத்தில், பாலாற்றங்கரையில் வாலாஜாபாத் இருக்கிறது. ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர், கம்பெனிப் பட்டாளம் தங்கியிருந்த ஊர், நெசவுக்காரர்களின் ஊர். கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் உருதும் காதில் விழும். பட்டாளம் போனபோது அதை நம்பிக் கடை வைத்தவன் என்ன ஆனான்? ஆற்று மணல் லாரி லாரியாகப் போனபோது கூலி யாருக்குக் கிடைத்தது, கிணறு யாருக்கு வற்றியது? லாரி ஓட்டியவனும் கிணற்றை இழந்தவனும் ஒரே வீட்டு அண்ணன் தம்பியாகக்கூட இருக்கலாம்.

நம்மில் பலர் தம் தெருவை நன்றாக எழுதுகிறோம். பக்கத்துத் தெருக்காரன் நம் கதையில் பால் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான். அவன் வீட்டுக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் நம் தெருக் கதையே சரியாக வரும். குறும்பியம்மாவையும் தாசனையும் ஒரே கூரையின் கீழ் வைத்து முகுந்தன் அதைச் செய்து காட்டியிருக்கிறார்.